பீலித் தண்ணீரில் கழிவு: எங்கிருந்து வருகிறது என்று கண்டறிய யார் பணம் தருவார்கள்?

கேள்வி: கந்தப்பளைக்கு அருகே ஒரு தோட்டத்தில் சமூக நீர் வழங்கல் அமைப்பின் செயலாளராக இருக்கிறேன். எங்கள் லயங்களுக்கும் புதிய வீடுகளுக்கும் மலை ஊற்றிலிருந்து பீலி வழியாகத்தான் தண்ணீர் வருகிறது. பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றோட்டம் வந்ததால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மாதிரி எடுத்து அனுப்பினார். ஈ-கோலை இருக்கிறது, நைட்ரேட்டும் வரம்பைத் தாண்டிவிட்டது என்று அறிக்கை வந்திருக்கிறது. ஊற்றுக்கு மேலே குத்தகைக்கு விட்ட மரக்கறிக் காணி, பக்கவாட்டில் புதிய மலசலகூடங்கள், அதற்கும் மேலே ஒரு சுற்றுலா விடுதி. பிரதேச சபை ‘அது தோட்டக் காணி’ என்கிறது, தோட்டமோ ‘சபையைக் கேளுங்கள்’ என்கிறது. மூலத்தைக் கண்டறிய அரசாங்கப் பணம் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், கேட்கிற விதத்தில் கேட்டால். ‘மாசின் மூலத்தைக் கண்டறிய நிதி வேண்டும்’ என்று ஒரே கடிதம் எழுதினால் எல்லா மேசையிலும் கையை விரிப்பார்கள். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அது ஏற்கெனவே யாருடைய கடமையோ அவரிடமே கொண்டுபோங்கள். அதற்கு முன் காசில்லாமல் முடிகிற வேலையை முடித்துவிடுங்கள். கோப்பு நகர்வதும் நகராததும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

முதலில் ஊற்றுத் தொட்டியிலிருந்து மேல்நோக்கி நடந்து பாருங்கள். மூடி உடைந்திருக்கிறதா, சீமெந்து வெடிப்பில் வேர் இறங்கியிருக்கிறதா, மேட்டிலிருந்து வரும் மழைநீரைத் திருப்பும் கான் தூர்ந்திருக்கிறதா? விடுதியையும் விவசாயியையும் மாறி மாறிக் குற்றம் சொல்லிவிட்டு, கடைசியில் தொட்டிக்குப் பத்தடி தள்ளி மாடு கட்டுகிற இடத்தைக் கண்டுபிடித்த ஊர்கள் உண்டு. பிறகு ஒரு கொப்பித் தாளில் வரைபடம் போடுங்கள்: ஊற்று, ஒவ்வொரு மலசலகூடக் குழி, பாத்தி, கோழிப் பசளைக் குவியல், விடுதியின் கழிவுத் தொட்டி, இவற்றுக்கிடையே அடிக்கணக்கில் தூரம், எது மேடு, எது பள்ளம். குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இருந்தால் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் மலைகளில் அதை நம்பி இருக்க முடியாது. இங்கே நிலத்தடி நீர் உருமாறிய பாறையின் வெடிப்புகள் வழியாக ஓடுகிறது. மேலே மண் தடிப்பாக இருந்தால் அது வடிகட்டும். வெடிப்புக்குள் இறங்கிவிட்டால் வடிகட்ட எதுவும் இல்லை. மேட்டுக் குழியின் நீர் எதிர்பாராத மூலையில் வந்து ஊறும்.

உங்கள் அறிக்கையில் உள்ள இரண்டு முடிவுகளும் சேர்ந்தாலும் குற்றவாளியைக் காட்டாது. ஈ-கோலை மனிதக் குடலிலிருந்தும் வரும், மாடு, கோழியிலிருந்தும் வரும். நைட்ரேட் யூரியாவிலிருந்தும் வரும், மலக்குழியிலிருந்தும் வரும். நுவரெலியா மாவட்ட மரக்கறிப் பாத்திகளில் கொட்டுகிற கோழிப் பசளையோ இரண்டையும் சேர்த்தே தரும். ஆகவே ‘நைட்ரேட் இருக்கிறது, அப்படியானால் லீக்ஸ் பாத்திதான்’ என்று தீர்ப்புச் சொல்லி அயலவரோடு பகையைத் தேடிக்கொள்ளாதீர்கள்.

பிரித்தறிய உதவுவது காலமும் இடமும். மழையில்லாத வாரங்களில் ஒரு மாதிரி, கனமழை பெய்த மறுநாள் ஒரு மாதிரி. வறட்சியிலும் ஈ-கோலை குறையாமல் இருந்தால் எப்போதும் கசிகிற குழியைச் சந்தேகிக்கலாம். மழைக்குப் பின் மட்டும் எகிறினால் மேற்பரப்பு நீர் தொட்டிக்குள் புகுகிறது என்று கொள்ளலாம். அதே நாளில் மேட்டில் உள்ள வேறு ஊற்றிலும் ஒரு மாதிரி எடுங்கள். ஒப்பிட அது இல்லையென்றால் மற்ற முடிவுகளுக்குப் பாதி மதிப்புத்தான். குளோரைட்டும் பொட்டாசியமும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வுகூடம் தருகிற கிருமி நீக்கிய போத்தலையே பயன்படுத்தி, ஐஸ் பெட்டியில் வைத்து, முடிந்தால் ஆறு மணித்தியாலத்துக்குள் ஒப்படையுங்கள். சோடாப் போத்தலைக் கழுவி எடுத்துக்கொண்டு போனால் காசுதான் வீண்.

குழிகள் மீது சந்தேகம் வலுத்தால் சாயப் பரிசோதனை இருக்கிறது. ஃபுளோரசின் என்ற பச்சைச் சாயத்தை ஒரு மலசலகூடத்தில் ஊற்றித் தண்ணீர் அடித்துவிட்டு, பீலியில் நிறம் தெரிகிறதா என்று பார்ப்பது. கண்ணுக்குத் தெரியாத அளவையும் பிடிக்க, ஊற்றுத் தொட்டிக்குள் கரித்தூள் பையைத் தொங்கவிட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். ஒரு தடவைக்கு ஒரு குழி மட்டுமே. இதைச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு அறிவித்து, கீழே தண்ணீர் எடுக்கிறவர்களுக்கும் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். இல்லையென்றால் பச்சைத் தண்ணீரைப் பார்த்து ஊர் கலவரப்படும்.

இனிப் பணத்துக்கு வருவோம்.

பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் என்பதால் கிருமிப் பரிசோதனையைத் திரும்பச் செய்விப்பது சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் வேலை. வாய்மொழியாகக் கேட்காமல் கடிதம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். இரசாயனப் பரிசோதனைகளுக்கும் ஊற்றுத் தொட்டியின் பாதுகாப்புக்கும் தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களம் சரியான வாசல். உங்களைப் போன்ற அமைப்புகளுக்காகவே உள்ள திணைக்களம் அது. அமைப்பின் பதிவு நடப்பில் இருக்கிறதா, கணக்கறிக்கை ஒழுங்காக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தேசிய நீர் வழங்கல் மற்றும் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்கள் கட்டணத்துக்குப் பரிசோதிக்கும். நிலத்தடி நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்ற கேள்விக்கு, 1964ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நீர்வளச் சபையை எழுத்தில் கேளுங்கள்.

பிரதேச சபை ‘தோட்டக் காணி’ என்று சொல்வது பழைய பல்லவி. தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட முடியாதபடி சபைகளைக் கட்டிவைத்திருந்த பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. அந்தத் திருத்தத்தைக் கடிதத்தின் முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். ஊற்று தோட்டக் காணியில் இருப்பதால் முகாமையாளரிடம் ‘ஆட்சேபனை இல்லை’ என்று ஒரு கடிதம் வாங்கி இணைத்துவிட்டால் இரு தரப்புக்கும் சாக்கு இல்லாமல் போகும். 2025 மே தேர்தலுக்குப் பிறகு சபைகளில் மக்கள் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை ஆண்டு முடிவதற்குள் சபை நிறைவேற்ற வேண்டும் என்பதால், ஒக்டோபருக்கு முன் உங்கள் மதிப்பீடு வட்டார உறுப்பினர் கையில் இருக்கட்டும். பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியையும் கேட்கலாம். ஆனால் அந்தப் பணம் குழாய், தொட்டி, கூரை என்று கண்ணுக்குத் தெரிகிற பொருளைத்தான் விரும்பும். எனவே அதில் தொட்டி திருத்தத்தைக் கேளுங்கள். ஆய்வுக் கட்டணத்தைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

விடுதியின் கணக்கு வேறு. அறைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து அதற்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தேவைப்படலாம். தேவை என்றால், கழிவை எங்கே விடுகிறது என்று ஆராய்வது உரிமம் வழங்கிய அதிகாரியின் கடமை. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் வரைபடத்தோடு முறைப்பாடு கொடுங்கள். உரிமத்தின் பிரதியையும், கழிவுநீர் பரிசோதனை முடிவுகளையும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அவர்கள் சொல்லியாக வேண்டும். இந்த வழியில் ஆதாரம் சேர்ப்பதற்கு உங்கள் அமைப்பின் பணம் ஏறக்குறைய செலவாவதே இல்லை.

இப்படிச் சேர்க்கிற ஆதாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் உதாரணம். அங்கே மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையின்படி, மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த உத்தரவிட்டது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர் வழங்கல் சபை முறையாக எடுத்த மாதிரிகள் அந்த வழக்கில் பெரிதும் கைகொடுத்தன. உங்கள் பீலியில் இன்று எழுதி வைக்கிற திகதியும் நேரமும் மழையளவும் நாளை அப்படிப் பயன்படலாம்.

மரக்கறிக் காணிக்கு இத்தகைய உரிமப் பிடி கிடையாது. குத்தகைக்கு விட்டது யார் என்பதுதான் பிடி. நிபந்தனைகளில் ஊற்றுக்கு மேல் எத்தனை அடி விட வேண்டும் என்று இருக்கிறதா என்று தோட்டத்திடம் கேளுங்கள். விவசாயியிடம் மண் பரிசோதனையைப் பற்றிப் பேசுங்கள்; சீத்தா எலிய விவசாய ஆராய்ச்சி நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது. பசளை விற்கிற விலையில் ‘இவ்வளவு தேவையில்லை’ என்ற அறிக்கையை எந்த விவசாயியும் வெறுக்கமாட்டார்.

ஐசோடோப்பு, காஃபீன் அடையாளம் போன்ற, மாசின் மூலத்தைப் பிரித்துக் காட்டுகிற நுணுக்கப் பரிசோதனைகளுக்கு நீங்களாகப் பணம் தேடாதீர்கள். பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ஒருவருக்கு உங்கள் ஊற்று நல்ல தலைப்பு. ஆராய்ச்சி நிதி அவருக்குக் கிடைக்கும், உங்கள் அமைப்புக்கு அல்ல. பேராதனை மீவத்துரையில் உள்ள இலங்கை-சீன கூட்டு நீர்த் தொழில்நுட்ப நிலையத்தையும் அவர் மூலமாக அணுகுவது எளிது.

இதற்கெல்லாம் மாதங்கள் ஆகும். அதுவரை கொதிக்கவைத்துக் குடித்தால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். நைட்ரேட்டால் கூடுதலாகப் பாதிக்கப்படக்கூடிய, ஆறு மாதத்துக்குட்பட்ட, பால்மா கரைத்துக் கொடுக்கிற குழந்தைகள் உள்ள வீடுகளைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் இந்த வாரமே சொல்லி, அந்த வீடுகளுக்கு மட்டுமாவது வேறு இடத்துத் தண்ணீருக்கு ஏற்பாடு செய்யுங்கள். பவுசர் அனுப்பும்படி பிரதேச செயலாளருக்கு எழுதுகிற கடிதத்தில் ஆய்வுகூட அறிக்கையின் பிரதியை இணைக்க மறக்க வேண்டாம்.