நிறுத்தினால் நிற்காத குதிரை

கேள்வி: ஐயா, போன ஆடியில் அந்தியூர் சந்தையில் கத்தியவாரி இனத்து ஆண் குதிரை ஒன்று வாங்கினோம். இப்போது மூன்றரை வயது. வண்டியில் பூட்டும் முன்பு, கடிவாளத்தில் நீள வார் கட்டிப் பின்னால் நடந்து ஓட்டிப் பழக்குகிறேன். நடக்கிறான், சொன்ன பக்கம் திரும்புகிறான். நிறுத்தினால் மட்டும் மூன்று நொடிகூட நிற்பதில்லை. பின்னால் நகர்ந்து வருகிறான். இல்லையென்றால் சட்டென்று திரும்பி என் முகத்துக்கு நேரே நிற்கிறான், வார் காலில் சுற்றிக்கொள்கிறது. இறுக்கிப் பிடித்தால் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டுகிறான். என்ன செய்வது?
— வாசகர், சத்தியமங்கலம்

பதில்: தம்பி, "இறுக்கிப் பிடித்தால்" என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான் இருக்கிறது.

குதிரைக்கு முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் பல்லே இல்லாத ஓர் இடம் உண்டு. கடிவாளக் கம்பி உட்காருவது அங்கே. எலும்பின் மேல் மெல்லிய ஈறு, அவ்வளவுதான். நீங்கள் வாரைப் பிடித்ததும் அவன் நிற்கிறான். நின்ற அந்த நொடியே கை தளர்ந்தால், "நின்றது சரி" என்று அவனுக்குப் புரியும். நின்ற பிறகும் இழுவை இருந்தால் "இதுவும் தப்பு போலிருக்கிறது" என்று வேறு வழி தேடுவான். பின்னால் போய்ப் பார்ப்பான், திரும்பிப் பார்ப்பான், தலையைத் தூக்குவான். இதையெல்லாம் முரட்டுத்தனம் என்று நினைக்காதீர்கள். அவன் உங்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இதை நான் கற்ற விதம் கொடியது. அப்பா பழனி அடிவாரத்தில் ஜட்கா என்கிற குதிரை வண்டி ஓட்டியவர். எனக்குப் பதினேழு வயதில் ஒரு செவலைப் பெண்குதிரையை இப்படித்தான் வாரில் பழக்கினேன். நிற்காமல் தவித்தவளை நிறுத்தியே தீருவது என்று பலத்தையெல்லாம் போட்டு இழுத்தேன். அவள் பின்னால் வந்தாள், முன்னங்கால்களைத் தூக்கினாள், அப்படியே மல்லாந்து விழுந்தாள். மூன்று மாதம் அவள் முதுகில் பட்டை கட்ட முடியவில்லை. அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. வாரைத் தன் கையில் வாங்கிக் காட்டினார். குதிரை நின்றதும் அவருடைய மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் திறந்தன. வார் ஒரு சாண் அளவுக்குத் தொங்கியது. கை அசையவே இல்லை. அந்த இரண்டு விரலைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

ஆனால் முதலில் வாயைப் பாருங்கள். இரண்டரை வயதிலிருந்து நாலரை வயது வரை பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கிற காலம். சில குதிரைகளுக்குக் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் சின்னதாக ஒரு பல் முளைத்திருக்கும். கம்பி அதில் இடித்தாலும் தலையை ஆட்டும். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை வாரைக் கம்பியில் கட்டாமல், முகப்பட்டையின் பக்கவாட்டு வளையங்களில் கட்டி ஓட்டுங்கள்.

அப்புறம், அவன் ஏன் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறான்? குதிரைக்குச் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாம் தெரியும்; நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சமும், வாலுக்கு நேர் பின்னாலும்தான் தெரியாது. நீங்கள் சரியாக அங்கே போய் நிற்கிறீர்கள். நடக்கும்போது காலடிச் சத்தமாவது கேட்கும். நின்றதும் அதுவும் போய்விடும். ஆள் எங்கே என்று தேடித்தான் திரும்புகிறான். ஓரடி பக்கவாட்டில் ஒதுங்கி, அவன் கண்ணில் படும்படி நில்லுங்கள். உதை எட்டாத தூரம் எப்போதும் இருக்கட்டும். மெல்ல ஏதாவது பேசிக்கொண்டிருங்கள். கத்தியவாரிக்குக் காது நுனி உள்பக்கம் வளைந்து எடுப்பாக இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதி: ஒரு காது உங்கள் பக்கம் சாய்ந்தால் கவனிக்கிறான் என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

இனி பழக்கும் முறை. தீனி தின்று, கொஞ்சம் நடந்து களைத்த பிறகு ஆரம்பியுங்கள். பசியோடு இருப்பவன் நிற்க மாட்டான். ஒரு பக்கம் வேலி இருக்கிற இடமாகப் பாருங்கள், திரும்ப ஒரு பக்கம்தான் மிஞ்சும். தலைப்பக்கம் ஓர் ஆள் கயிற்றைத் தொளதொளவென்று பிடித்துக்கொண்டு சும்மா நிற்கட்டும். நீங்கள் உங்கள் நடையை நிறுத்தி, தாழ்ந்த குரலில் "நில்" என்று ஒரே முறை சொல்லி, வாரை லேசாகப் பிடியுங்கள். நின்றானா, விரலைத் திறந்துவிடுங்கள். அவன் மூன்று நொடி நிற்பவன் என்றால் இரண்டாவது நொடியிலேயே "நட" என்று நீங்களே சொல்லிவிட வேண்டும். கலைவது அவன் முடிவாக இருக்கக் கூடாது, கிளம்புவது உங்கள் சொல்லாக இருக்க வேண்டும். நாளுக்கு நாள் இரண்டு நொடி, மூன்று நொடி என்று கூட்டுங்கள். நடுவில் கலைந்தால் அதட்டாமல், வட்டமடித்து வந்து அதே குளம்புத் தடத்தில் மறுபடி நிறுத்துங்கள். பின்னால் வந்தால் இழுக்கவே இழுக்காதீர்கள். நாலடி முன்னால் நடத்தி நிறுத்துங்கள். வெல்லம் கொடுப்பதென்றால் தலைப்பக்கம் இருப்பவர் கொடுக்கட்டும். நீங்கள் கொடுத்தால் வெல்லத்துக்காகவே திரும்புவான்.

மூன்று வாரத்தில் ஒரு நிமிடம் நின்றால் நல்ல முன்னேற்றம். அப்புறம் தலைப்பக்கத்து ஆளை ஒவ்வோர் அடியாக விலக்குங்கள். வண்டி பூட்ட அவசரப்படாதீர்கள். ஜட்கா குதிரை ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். பாட்டி ஒருத்தி படியில் கால் வைத்து ஏறும்போது வண்டி பின்னால் சாயும், வயிற்றுப் பட்டை மேலே இழுக்கும், பேரப்பிள்ளை வீல் என்று கத்தும். அத்தனைக்கும் அவன் அசையக் கூடாது. அதனால் நிற்கும்போதே வயிற்றுப் பட்டையை மெல்லத் தூக்கி விடுவது, வண்டியின் ஏர்க்கால் படுவதுபோல விலாவில் மூங்கிலை உரசுவது எல்லாம் இப்போதே பழக்குங்கள்.

கேள்வி: வாருக்கு நைலான் கயிறு போதுமா? எவ்வளவு நீளம் வேண்டும்?
— அதே வாசகர்

பதில்: நைலான் வேண்டாம், அவன் ஒரு முறை பாய்ந்தால் உள்ளங்கைத் தோலை உரித்துவிடும். பட்டையாக நெய்த பருத்தி நாடா வாங்குங்கள், ஒவ்வொன்றும் ஏழெட்டு மீட்டர். முதுகையும் வயிற்றையும் சுற்றிக் கட்டுகிற விலாப் பட்டையின் இரண்டு பக்க வளையங்கள் வழியாகக் கோத்து விடுங்கள். நுனிகளை ஒன்றாக முடிச்சுப் போடாதீர்கள், உங்கள் கால் மாட்டிக்கொள்ளும். கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. மடித்துத்தான் பிடிக்க வேண்டும்.