மேஜர் முடிவாகாத பிள்ளைக்கு 80,000 டாலர் எதற்கு?

கலிஃபோர்னியாவின் சன்னிவேலிலிருந்து மகளின் படிப்புக்கு ஆலோசனை கேட்டு வந்த அந்த அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்ததுமே ஓர் அட்மிஷன் கடிதத்தை என் முன் வைத்தார்கள். வேறு மாநிலத்தில் பெயர்பெற்ற ஒரு தனியார் பல்கலைக்கழகம், கணினி அறிவியல் (சிஎஸ்), விடுதி சாப்பாடெல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல். மே 1-க்குள் பதில் சொல்லியாக வேண்டும். எந்த மேஜர், அதாவது எந்த முதன்மைப் பாடம் என்று மகளிடம் கேட்டேன். "என்ன படிக்கணும்னு இன்னும் தெரியல ஆன்ட்டி" என்றாள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கோயம்புத்தூர் பெரியப்பாவுக்கும் டல்லாஸ் அத்தைக்கும் அதற்குள் செய்தி போய், வாழ்த்தும் வந்துவிட்டதாம்.

18 வயதில் தெரியாமல் இருப்பது தப்பில்லை என்று கொஞ்ச நேரம் ஆறுதல் சொன்னேன். அப்புறம் அப்பா, வீட்டை வைத்துக் கடன் வாங்கப்போவதாகச் சொன்னார். அதற்குமேல் ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"முதலில் சிஎஸ்ஸில் சேரட்டும், பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளலாம்" என்பது அத்தையின் யோசனை. மாறலாம்தான். ஆனால் பிடிக்காத பாடத்தில் வாங்கிய கிரேடு டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பட்டியலில், கூடவே வரும். கட்டிய பணம் திரும்பாது. கடன் அத்தை பெயரில் இல்லை, உங்கள் பெயரில் இருக்கும். என்ன படிப்பது என்று தெரியாத பிள்ளைக்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன்.

நீங்கள் எண்ணிக்கூடப் பார்க்காத ஒரு வழி உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குபர்டினோவில் உள்ள டி ஆன்சா கம்யூனிட்டி காலேஜ். முதல் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளக்கூடிய அரசுக் கல்லூரி. கலிஃபோர்னியாவில் குடியிருப்பவர்களுக்கு அங்கே ஒரு குவார்ட்டர் யூனிட்டுக்கு (மூன்று மாதப் பருவத்தில் பாடத்தை அளக்கும் அலகு) 31 டாலர். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூசி) வளாகங்களுக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆகத் தேவையான 90 யூனிட்டுக்கும் சேர்த்து 2,790 டாலர்தான் வருகிறது. புத்தகமும் சில்லறைக் கட்டணங்களும் தனி. சாப்பாடும் படுக்கையும் உங்கள் வீட்டில். அங்கிருந்து யூசிக்குப் போய் முடித்தால் கையில் வருவது யூசி டிகிரி. முதல் இரண்டு ஆண்டுகள் எங்கே படித்தாள் என்று அந்தச் சான்றிதழில் இருக்காது.

பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அங்கே பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் விதம். 2025 இலையுதிர் பருவத்திலிருந்து யூசிக்கும், கால் ஸ்டேட் என்ற இன்னோர் அரசுப் பல்கலைக்கழக அமைப்புக்கும் பொதுவாக, கால்-கெட்சி என்ற ஒரே ஜெனரல் எஜுகேஷன் (பொதுப் பாடங்கள்) பட்டியல் வந்திருக்கிறது. ஆங்கிலக் கட்டுரை, விமர்சனச் சிந்தனை, மேடைப்பேச்சு, கணிதம், கலை, மானுடவியல்கள் (ஹியூமானிடீஸ்), சமூக அறிவியலில் இரண்டு, பௌதிக அறிவியல் ஒன்று, உயிரியல் ஒன்று, அவற்றில் ஒன்றுக்கு லேப், கடைசியாக எத்னிக் ஸ்டடீஸ் (இனக்குழுக்களைப் பற்றிய படிப்பு). ஒவ்வொன்றிலும் சி கிரேடாவது வேண்டும். இதை "எப்படியாவது முடித்துத் தள்ள வேண்டிய பாடங்கள்" என்று நினைத்து, யார் வகுப்பில் சுலபமாக ஏ கிடைக்கும் என்று பிள்ளைகள் தேடுகிறார்கள். மேஜர் தெரியாத பிள்ளை செய்யவே கூடாதது அதுதான்.

அந்தப் பட்டியலின் ஒவ்வொரு கட்டத்திலும், ஏதாவது ஒரு மேஜரின் முதல் வாசலாக இருக்கிற பாடத்தை எடுக்க வேண்டும். சமூக அறிவியலுக்கு மைக்ரோ எகனாமிக்ஸ் எடுத்தால் அது பொருளாதாரத்துக்கும் பிசினஸுக்கும் முதல் பாடம். கணிதத்துக்குக் கால்குலஸ் எடுத்தால் கணினி, உயிரியல், பொருளாதாரம் எல்லாக் கதவும் திறந்திருக்கும். வேறு லேசான கணிதத்தை எடுத்தால் கட்டம் நிரம்பும், ஆனால் பின்னால் கால்குலஸை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். எந்தப் பாடத்தை எந்த வளாகம் எந்த மேஜருக்கு ஏற்கிறது என்பது அசிஸ்ட் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. அதைப் பார்க்காமல் ஒரு வகுப்பில்கூடச் சேர வேண்டாம்.

டி ஆன்சாவில் குவார்ட்டர் முறை. கோடையை விட்டாலும் ஓராண்டில் மூன்று பருவம். ஒன்றில் பிடிக்கவில்லை என்றால் சுமார் மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். ஆனால் கவனம்: யோசிக்க இரண்டு ஆண்டுகள் இருப்பதாக நினைக்காதீர்கள். யூசி விண்ணப்பத்தை அனுப்பும் காலம் இரண்டாம் ஆண்டின் அக்டோபரில் தொடங்குகிறது. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் தருகிற 'டேக்' என்ற இட உத்தரவாதத்துக்குச் செப்டம்பரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் மேஜர் முடிவாகியிருக்க வேண்டும். ஆக, தேடிப் பார்க்கக் கிடைப்பது ஓராண்டு.

கணினி அறிவியலுக்குப் பல வளாகங்களில் இந்த உத்தரவாதம் கிடையாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். "அப்போ சிஎஸ் போயிடுமே" என்றார் அப்பா. அவளுக்கே அது வேண்டுமென்றால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன். நாங்கள் பேசிக்கொண்டிருந்த ஒரு மணி நேரமும் அவள் என் சுவரில் இருந்த சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதி வரைபடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் எங்கள் மாவட்டத்து விடிஏ பஸ் தடங்களை எப்படி மாற்றலாம் என்று விரலால் கோடு போட்டுக் காட்டினாள். பள்ளிக்கூட நோட்டு முழுக்க அவள் வரைந்த ஊர்ப்படங்கள்தான் என்று அம்மாவே சொன்னார். அதை விளையாட்டு என்று இத்தனை நாள் ஒதுக்கியிருக்கிறீர்கள். சாண்டா பார்பராவின் புவியியல் துறை கணினி வழி வரைபட ஆய்வில் நீண்டகாலமாகப் பெயர் பெற்றது. அவள் கடைசியில் அங்கே போவாளா, தெரியாது. ஆனால் அந்தக் கோட்டைப் போட்டபோது அவள் முகத்தில் வந்த வெளிச்சம், அட்மிஷன் கடிதத்தைப் பற்றிப் பேசியபோது ஒருமுறைகூட வரவில்லை.

முதல் பருவத்துக்கு மூன்று பாடங்கள் சொன்னேன்: ஆங்கிலக் கட்டுரை, கால்குலஸ், இயற்கைப் புவியியல். இரண்டாவது பருவத்தில் மைக்ரோ எகனாமிக்ஸும் ஒரு புரோகிராமிங் வகுப்பும் இருக்கட்டும். புரோகிராமிங் அப்பாவைச் சமாதானப்படுத்த அல்ல. பிடிக்குமா பிடிக்காதா என்று அவளே உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ள. மூன்றாவது பருவத்தை இப்போது நிரப்ப வேண்டாம்.

பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் என்ன பதில் சொல்வது என்று அம்மா கேட்டார். கல்லூரி பெயரைச் சொல்லுங்கள், 2,790 டாலர் என்று சொல்லுங்கள், போதும் என்றேன். அடுத்த வாரம் அவள் மட்டும் என்னிடம் வருகிறாள், அசிஸ்ட் தளத்தில் மூன்று மேஜர்களைப் பார்த்துக் கையால் எழுதிய பட்டியலோடு.