மாவடுவில் தொடங்குங்கள்

பத்து வயது மகளுக்குத் தமிழ்ச் சொற்கள் மீது ஆசையே வரவில்லை, அகராதியைக் கொடுத்தால் மூடி வைத்துவிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அகராதியை விடுங்கள், ஊறுகாய் ஜாடியைத் திறவுங்கள். மாவடு என்றால் மாம்பிஞ்சு என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். சரி, பலாப்பிஞ்சுக்கு என்ன பெயர் என்று கேளுங்கள். மூசு! வாழைக்குக் கச்சல், எள்ளுக்குக் கவ்வை, தென்னைக்கும் பனைக்கும் குரும்பை, இளம்பாக்குக்கு நுழாய். எல்லாம் தமிழறிஞர் தேவநேயப் பாவாணர் எடுத்துக்காட்டியவை. மரத்துக்கு மரம் பிஞ்சுக்குத் தனிப்பெயர் இருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். (நுழாய் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கில் வழுக்கிக்கொண்டு போகும்.)

அப்புறம், தனிப்பெயர் தெரியாத பிஞ்சுகளுக்கு அவளையே பெயர் வைக்கச் சொல்லுங்கள். முருங்கைப் பிஞ்சுக்கு என் மகன் வைத்தது ‘நூலான்’. எங்கள் வீட்டில் இப்போது எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்.