எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும்போது ஏன் அவ்வளவு சத்தம் வருகிறது? மெஷினில் ஏதாவது பழுதா?

பழுது இல்லை. அந்தச் சத்தம் இல்லாமல் படம் எடுப்பதுதான் கஷ்டம். ஸ்கேன் அறையில் வேலை செய்கிறேன், பயந்துபோய் இதைக் கேட்பவர்கள் நிறைய. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரிய காந்தம்தான் சத்தம் போடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாட்டுக்கு அமைதியாகத்தான் இருக்கும். திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரி குளிரில் இருக்கும் கம்பிச்சுருள் அது. மின்தடையே இல்லாததால் ராத்திரியும் பகலும் மின்சாரம் சுற்றிக்கொண்டே இருக்கும். (ஸ்கேன் ஓடாதபோதும் கேட்கும் 'சிக் சிக்', ஹீலியத்தைக் குளிராக வைத்திருக்கும் கருவியுடையது.)

1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் வலிமையை அளக்கும் அலகு) காந்தத்துக்குள் நாம் படுத்ததும், உடம்பிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் நொடிக்குச் சுமார் 6.4 கோடி தடவை சுழல்கின்றன. அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலையை அனுப்பினால், அவை பதிலுக்கு சிக்னல் தருகின்றன. சரி, அந்த சிக்னல் மூளையின் எந்த இடத்திலிருந்து வந்தது? எல்லா இடத்திலும் ஒரே அதிர்வெண் என்றால் கண்டுபிடிக்க வழியில்லை. விஞ்ஞானி பால் லாட்டர்பர் 1973-ல் வெளியிட்ட யோசனை இங்கேதான் வருகிறது. காந்தப்புலத்தை ஒரு பக்கம் கொஞ்சம் கூட்டி, மறுபக்கம் குறைத்தால், இடத்துக்கு இடம் அதிர்வெண் மாறும். அதிர்வெண்ணை வைத்தே இடத்தைச் சொல்லிவிடலாம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான். 2003-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

அப்படிப் புலத்தை மாற்றுபவை கிரேடியன்ட் சுருள்கள். நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் அவற்றில் படுவேகமாக ஏறி இறங்குகிறது. மின்சாரம் பாயும் கம்பியைக் காந்தப்புலம் தள்ளும் என்று பள்ளியில் ஃபிளெமிங்கின் இடக்கை விதியில் படித்திருப்பீர்கள். அதேதான் இங்கும்: ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் சுருள் உதறுகிறது, ஸ்பீக்கரின் சுருளைப் போல. மெஷின் எடுக்கும் படத்தின் வகை மாறினால் மின்சாரத்தின் தாளமும் மாறும், அதனால்தான் ஒருமுறை தட்டல், ஒருமுறை ரீங்காரம். பக்கவாதத்துக்கு எடுக்கும் டிஃப்யூஷன் ஸ்கேனில், லாட்டர்பருடன் பரிசைப் பகிர்ந்த பீட்டர் மான்ஸ்ஃபீல்டின் அதிவேக முறையைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். அதில் சத்தம் ரொம்பவே அதிகம்.

சத்தம் 100 டெசிபலைத் தாண்டக்கூடும். அதனால் காதடைப்பான் கட்டாயம். சரியாகப் பொருந்தவில்லை என்றால் உள்ளே போகும் முன்பே சொல்லிவிடுங்கள், தயங்காதீர்கள். அப்புறம், இடையில் சத்தம் நின்றால் முடிந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் படுக்காதீர்கள். அடுத்த படத்துக்கு மெஷின் தயாராகிக்கொண்டிருக்கும்.