வேலியில் விளையும் கிழங்கும் மருத்துவர் தந்த மாத்திரையும்

கேள்வி: என் தந்தைக்கு 62 வயது. யூரிக் அமிலத்தால் வரும் கௌட் மூட்டுவலிக்காக மருத்துவர் அவருக்கு 0.5 மில்லிகிராம் கோல்ச்சிசின் மாத்திரை கொடுத்திருக்கிறார். அந்த மருந்து கண்வலிக் கிழங்கில் இருப்பதுதான் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். எங்கள் தோப்பு வேலியில் அந்தக் கொடி தானாகவே படர்ந்து கிடக்கிறது. கிழங்கைச் சுத்தி செய்து (ஊறவைத்து நஞ்சைக் குறைத்து), பொடியாக்கிக் கொடுக்கலாமா? முதுநிலை வேதியியல் படிக்கும் என் தங்கை, அதில் மருந்து இருக்கிறதா என்று கல்லூரி ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்கலாம் என்கிறாள். எந்தச் சோதனை சரியாக இருக்கும்? (வேதாரண்யம் பகுதி வாசகர்)

பதில்: கொடுக்கக் கூடாது. உங்கள் தங்கை செய்யும் சோதனையில் மருந்து இருப்பது உறுதியானாலும் இந்தப் பதில் மாறாது. அது ஏன் என்பதை விளக்குவதற்கு அந்த வேதிப்பொருளின் அமைப்பிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

அக்கம்பக்கத்தில் சொல்வது பொய்யல்ல. கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு, கார்த்திகைக் கிழங்கு என்றெல்லாம் அழைக்கப்படும் செங்காந்தளில் கோல்ச்சிசின் உண்டு. வேதாரண்யத்து மணற்பாங்கான நிலங்களில் இது பயிராகவே செய்யப்படுகிறது. காலையில் பூப்பூவாகச் சென்று மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்கும் வேலையை உங்கள் ஊரில் பலர் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு பாடும் விதைக்காகத்தான். மருந்து நிறுவனங்கள் பெரிதும் வாங்குவது விதையையே. செடியை அடையாளம் காண்பதும் கடினமன்று. இலையின் நுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டிருக்கும்; அலையலையான ஆறு இதழ்களும் பின்னோக்கி மடங்கி, மஞ்சளிலிருந்து நாளடைவில் சிவப்பாக மாறும்; சூலகத்தண்டு அடியிலேயே ஏறத்தாழ நேர்கோணத்தில் வளைந்து பக்கவாட்டில் நீண்டிருக்கும். மண்ணைக் கிளறினால் கலப்பையைப் போல இரு கிளையாக வளைந்த கிழங்கு கிடைக்கும். ஆனால் பூவும் இலையும் காய்ந்தபின் தோண்டியெடுத்த கிழங்குத் துண்டை வள்ளிக்கிழங்கு என்று கருதிச் சமைத்து உண்டு உயிரிழந்தோர் உண்டு. வேகவைப்பதால் இந்த நஞ்சு அழிவதில்லை.

இனி வேதியியலுக்கு வருவோம். 1820இல் பிரெஞ்சு வேதியியலாளர்களான பெல்லெத்தியேயும் கவாந்துவும் ஐரோப்பாவின் கோல்ச்சிகம் என்னும் வேறொரு செடியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். இதன் மூலக்கூறில் 22 கார்பன், 25 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன், ஒரே ஒரு நைட்ரஜன் என அணுக்கள் அமைந்துள்ளன. மூலக்கூறு நிறை சுமார் 399. மூன்று மெத்தாக்சி தொகுதிகள் கொண்ட பென்சீன் வளையம் ஒரு பக்கம், மெத்தாக்சியும் கார்போனைலும் அடுத்தடுத்து அமைந்த ஏழு கார்பன் ட்ரோபோலோன் வளையம் மறுபக்கம், இரண்டையும் இணைத்து நிற்கும் இன்னொரு ஏழு கார்பன் வளையம் நடுவில். அந்த நடு வளையத்தோடுதான் நைட்ரஜன் ஒட்டியிருக்கிறது, அதுவும் அமைடாக, அதாவது ஒரு கார்போனைலோடு பிணைந்து காரத்தன்மையை இழந்த நிலையில். ஏழு கார்பன் வளையம் என்பது அக்காலத்தில் யாரும் எளிதில் எதிர்பார்க்காத ஒன்றாகையால், பிரித்தெடுத்து நூறாண்டுக்கு மேலாகியும் அமைப்பு பிடிபடவில்லை. 1945இல் வேதியியலாளர் டீவார் ட்ரோபோலோன் வளையத்தை முன்மொழிந்த பிறகே புதிர் அவிழ்ந்தது.

உங்கள் தங்கை கவனிக்க வேண்டியது அந்த அமைடு நைட்ரஜனைத்தான். ஆல்கலாய்டு (தாவரங்களில் உண்டாகும் நைட்ரஜன் சேர்மம்) என்றாலே காரத்தன்மை உடையது, அமிலத்தில் உப்பாகிக் கரையும், அம்மோனியா சேர்த்தால் விடுபடும் என்று பாடத்தில் படித்திருப்பார். கோல்ச்சிசின் அந்த வழக்கத்துக்குக் கட்டுப்படாது; அது ஏறக்குறைய நடுநிலையான சேர்மம், அமிலம் கலந்த நீர்க்கரைசலிலிருந்தே குளோரோஃபார்முக்குச் சென்றுவிடும். வழக்கமான அமில-கார முறையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றி, குளோரோஃபார்ம் அடுக்கைக் கொழுப்பென்று கொட்டிவிட்டு, ‘ஆல்கலாய்டு இல்லை’ என்று ஆய்வேட்டில் எழுதும் மாணவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஆல்கலாய்டுகளை வீழ்படிவாக்கிக் காட்டும் மேயர், டிராகன்டார்ஃப் போன்ற பொதுச் சோதனைக் கரைசல்களை நான் இதற்குப் பெரிதாக நம்புவதில்லை. அவற்றுடன் புரதமும் வீழ்படிவு தரும். தந்தாலும் ஏதோ ஓர் ஆல்கலாய்டு இருக்கலாம் என்பதற்கு மேல் அவை எதையும் சொல்வதில்லை.

அமைப்போடு நேரடியாகப் பேசும் சோதனை வேறொன்று உண்டு. கோல்ச்சிசினுடன் ஃபெரிக் குளோரைடை அப்படியே சேர்த்தால் குறிப்பிடத்தக்க நிறம் தோன்றாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் கொதிக்கவைத்த பின் சேர்த்தால் பச்சை நிறம் தோன்றும். கொதிக்கும்போது ட்ரோபோலோன் வளையத்திலுள்ள மெத்தாக்சி நீராற்பகுப்படைந்து ஹைட்ராக்சியாக மாறி, பக்கத்திலிருக்கும் கார்போனைலோடு சேர்ந்து இரும்பைக் கவ்விக்கொள்வதே அதற்குக் காரணம். இவ்வாறு உண்டாகும் சேர்மத்துக்குக் கோல்ச்சிசீன் என்று பெயர். தாவரச் சாற்றிலுள்ள டானின்களும் ஃபெரிக் குளோரைடுடன் பச்சையோ கருநீலமோ தருமாகையால், கொதிக்கவைப்பதற்கு முன் ஒரு பங்கைத் தனியே எடுத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் இந்தச் சோதனையை ஏற்கலாகாது. அடர் நைட்ரிக் அமிலம் ஒரு துளி பட்டதும் தோன்றி விரைவில் மாறிவிடும் ஊதா நிறமும் ஒரு துணைச் சான்று. எனினும் ஆய்வேட்டுக்குத் தகுதியான சான்று என்றால், தூய கோல்ச்சிசினைப் பக்கத்தில் வைத்து ஓட்டிய மெல்லடுக்கு வண்ணப்பிரிகையும் (டிஎல்சி), சுமார் 350 நானோமீட்டரில் உச்சம் காட்டும் புற ஊதா நிறமாலையுமே. சாற்றைச் சன்னலோரம் வைக்க வேண்டாம். வெயில் பட்டால் ட்ரோபோலோன் வளையம் சுருங்கி லூமிகோல்ச்சிசினாக மாறிவிடும். இதைப் படித்துவிட்டு, கிழங்கை வெயிலில் காயவைத்தால் நஞ்சு போய்விடும் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. கரைசலில் நடக்கும் மாற்றம் கிழங்கின் சதைக்குள் அப்படியே நடக்காது.

கோல்ச்சிசின் நம் உயிரணுக்களில் உள்ள டியூபுலின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு, அது நுண்குழல்களாக அடுக்கப்படுவதைத் தடுக்கிறது. மூட்டில் படிந்த யூரேட் படிகங்களை நோக்கி விரையும் வெள்ளணுக்களின் நடமாட்டம் இதனால் தளர்ந்து, வீக்கமும் வலியும் தணிகின்றன. யூரிக் அமிலத்தை இது குறைப்பதில்லை என்பதையும் தந்தையிடம் சொல்லிவையுங்கள். ஆனால் நுண்குழல் இல்லாமல் எந்த உயிரணுவும் பிரிய முடியாது. ஆகவே அளவு சற்று மிகுந்தால் குடலின் உட்படலம், எலும்பு மஜ்ஜை என வேகமாகப் பெருகும் திசுக்கள் முதலில் அடிவாங்கும். வலியைத் தணிப்பதும் ஆளைக் கொல்வதும் ஒரே வினைதான். இரண்டையும் பிரித்து நிறுத்துவது அளவு மட்டுமே.

அந்த அளவைத்தான் கிழங்கு உங்களுக்குச் சொல்லாது. மண், பருவம், கிழங்கின் வயது ஆகியவற்றைப் பொறுத்து இதன் செறிவு பல மடங்கு மாறும். உலர்ந்த பொடியில் 0.1 சதவீதம் இருப்பதாக வைத்துக்கொண்டால் 3 கிராம் கொண்ட ஒரு தேக்கரண்டியில் 3 மில்லிகிராம், அதாவது ஆறு மாத்திரை இருக்கும், 0.5 சதவீதமென்றால் 15 மில்லிகிராம், முப்பது மாத்திரை. ஏறத்தாழ 7 மில்லிகிராம் உட்கொண்டே இறந்தவர்கள் மருத்துவப் பதிவுகளில் உள்ளனர். பச்சை நிறம் தோன்றியதா இல்லையா என்று பார்க்கும் சோதனையால் இவ்விரண்டு கரண்டிகளையும் வேறுபடுத்த முடியாது.

சுத்தி செய்வதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சித்த மருத்துவத்தில் இதற்கு முறைகள் உண்டு. நான் அவற்றைக் குறைத்துப் பேசவில்லை. ஊறவைக்கும் நீரில் கோல்ச்சிசின் ஓரளவு கரைந்து வெளியேறுமே தவிர முற்றிலும் நீங்கிவிடாது. எவ்வளவு மிஞ்சியது என்பதை வீட்டில் அறிய வழியில்லை. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின் நச்சுப் பொருள் அட்டவணையான இ-1இலேயே இந்தக் கிழங்கு இடம்பெற்றிருக்கிறது. பயிற்சி பெற்ற மருத்துவரின் மேற்பார்வையின்றிக் கையாள வேண்டிய பொருளன்று.

மாத்திரையிலும் எச்சரிக்கை தேவை. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். ஆகவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் தந்தையின் இரத்தக் கிரியாட்டினின் அளவு மருத்துவருக்குத் தெரிந்திருப்பது நல்லது. கிளாரித்ரோமைசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகள் கோல்ச்சிசின் உடலைவிட்டு வெளியேறுவதைத் தடுத்து உயிருக்கே ஆபத்தாக முடியும். சளி, காய்ச்சல் என்று வேறொரு மருத்துவரிடம் போனால் இந்த மாத்திரையின் பெயரை முதலில் சொல்லட்டும். வயிற்றுப்போக்கு தொடங்கினால் அடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள்.

யாரேனும் கிழங்கையோ விதையையோ தெரியாமல் உண்டுவிட்டால், நலமாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்க வேண்டாம். வாந்தியும் பேதியும் தொடங்கவே சில மணி நேரம் ஆகலாம். மஜ்ஜையும் பிற உறுப்புகளும் செயலிழப்பது அடுத்தடுத்த நாட்களில்தான். மாற்று மருந்து நடைமுறையில் இல்லை, டயாலிசிஸாலும் இதைப் பெரிதாக வெளியேற்ற முடியாது என்பதால், முதல் சில மணி நேரத்துக்குள் 108ஐ அழைத்து நாகப்பட்டினம் அல்லது திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்வதே வழி. உண்டதில் மிச்சமிருக்கும் துண்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தங்கை ஆய்வுக்காகக் கிழங்கு தோண்டுவதாக இருந்தால் கையுறை அணியட்டும்; பொடியைச் சமையலறை மிக்ஸியில் அரைக்காமல், நஞ்சு என்று எழுதிய புட்டியில் கல்லூரியிலேயே வைத்துவிடட்டும்.