குளிரான ஊரில் சிபாப் குழாயில் தண்ணீர் தேங்கினால்

குளிரான ஊருக்கு வந்ததும் மூக்கு வறண்டதால், தூக்கத்தில் மூச்சு தடைபடாமலிருக்க முகமூடி வழியே காற்றை அழுத்தித் தரும் சிபாப் (CPAP) கருவியில் ஈரப்பதத்தை உச்சத்துக்கு ஏற்றினீர்கள்; இப்போது குழாயில் தண்ணீர் களகளவென்று சத்தமிட்டு எழுப்பிவிடுகிறது என்கிறீர்கள். பயப்படாதீர்கள். சூடான ஈரக்காற்று குளிர்ந்த குழாய்க்குள் நீராகப் படிகிறது, அவ்வளவுதான். குழாயைக் கதகதப்பாக வைப்பதே முதல் வேலை. சூடேறும் குழாய் என்றால் வெப்பநிலையைச் சற்றுக் கூட்டுங்கள். சாதாரணக் குழாய்க்குத் துணியுறை போடுங்கள், அல்லது போர்வைக்குள் விடுங்கள். ஈரப்பதத்தை ஒரு படி மட்டும் குறைத்து ஓரிரவு பாருங்கள்; ஒரேயடியாகக் குறைத்தால் மூக்கு மறுபடி வறளும். கருவியைத் தலைமட்டத்துக்குக் கீழே வைத்தால் நீர் முகமூடிப் பக்கம் வராது. காற்றழுத்த அளவை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே தொடாதீர்கள். ஊர் திரும்பும்போது கருவியின் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டே பையில் வையுங்கள். மிச்சத் தண்ணீர் உள்ளே புகுந்தால் மோட்டார் கெட்டுவிடக்கூடும்.