ராடில் 1500 வாட் என்று போட்டிருக்கிறது, இரவில் கிடைப்பது எவ்வளவு?

கேள்வி: கொளத்தூரில் மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறோம். மாமியாருக்கு மே மாதத்திலும் வெந்நீர்க் குளியல்தான். 1500 வாட் ஹீட்டர் ராடை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டித் தண்ணீர் சுட வைக்கிறோம். காலையில் சீக்கிரம் சுட்டுவிடுகிறது, இரவு எட்டு மணிக்கு மேல் ரொம்ப நேரமாகிறது. பாக்ஸின் பிளக் சுவரில் செருகும் இடத்தில் சூடாகவும் இருக்கிறது. எலக்ட்ரீஷியன் இரவில் வந்து பாக்ஸில் அளந்து, "ராடு போட்டால் 190 வோல்ட், 5.4 ஆம்பியர், நிறுத்தினால் 197 வோல்ட்" என்று எழுதிக் கொடுத்தார். இதிலிருந்து மின்தடையும் வாட்டும் கணக்கிடுவது எப்படி? ராடை மாற்ற வேண்டுமா? பில் ஏறுமா?

பதில்: ராடை மாற்ற வேண்டாம். மாற்ற வேண்டியது வேறொன்று, அதையும் இந்த மூன்று எண்களே காட்டிக் கொடுக்கின்றன.

முதலில் மின்தடை. வோல்ட்டை ஆம்பியரால் வகுக்க வேண்டும். 1827-இல் ஜார்ஜ் ஓம் வெளியிட்ட விதி. ராடு ஓடும்போது எடுத்த இரண்டு அளவுகளைத்தான் சேர்க்க வேண்டும், நிறுத்தியபின் பார்த்த 197-ஐ இங்கே கொண்டுவரக் கூடாது. 190 ÷ 5.4 = 35.2 ஓம்.

இது சரியான அளவா என்பதை ராடின் லேபிளே சொல்லும். 230 வோல்ட், 1500 வாட் என்று இருக்கும். வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி, வாட்டால் வகுங்கள்: 230 × 230 ÷ 1500 = 35.3 ஓம். இரண்டும் ஒத்துப்போகின்றன, ராடுக்கு ஒரு குறையும் இல்லை.

அடுத்து வாட். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் போதும்: 190 × 5.4 = 1026 வாட். லேபிளில் உள்ள 1500 என்பது 230 வோல்ட் கிடைத்தால் மட்டுமே. ராடின் மின்தடை ஏறக்குறைய மாறாது, அதனால் வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் சேர்ந்து குறைகிறது. இரண்டும் குறைவதால்தான் வாட் இவ்வளவு இறங்குகிறது. 20 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு ஏற்ற 1500 வாட்டில் சுமார் 14 நிமிடம், 1026 வாட்டில் 20 நிமிடத்துக்கு மேல். பில் பற்றிக் கவலை வேண்டாம். வாட் குறைவு, நேரம் அதிகம். காலையானாலும் இரவானாலும் ஒரு தடவைக்குச் செலவு ஏறக்குறைய 0.35 யூனிட்தான்.

இப்போது அந்த 197-க்கு வருவோம். இதைத்தான் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ராடு போட்டதும் 7 வோல்ட் காணாமல் போகிறது. அதே விதியைப் போடுங்கள்: 7 ÷ 5.4 = 1.3 ஓம். உங்கள் பாக்ஸுக்கு முன்னால் வழியில் எங்கோ அவ்வளவு மின்தடை இருக்கிறது. 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.012 ஓம். வீட்டுக்குள் 15 மீட்டர் ஒயர் என்று வைத்து, போக வர 30 மீட்டர் கணக்கிட்டாலும் 2 வோல்ட்தான் போக வேண்டும். மீதி 5 வோல்ட்? 5 × 5.4 = 27 வாட் வெப்பம். அதில் ஒரு பகுதி தெருவிலிருந்து வரும் இ.பி. லைனில் போகலாம். ஆனால் உங்கள் பிளக் சூடாகிறதே. 25 வாட் சால்டரிங் அயர்ன் ஈயத்தை உருக்கிவிடும். அந்த அளவு வெப்பம் ஒரு பிளாஸ்டிக் பிளக்குக்குள் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

காலையில் இது இன்னும் மோசம். வோல்ட் முழுதாக வரும்போது ராடு 6 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். தளர்ந்த இணைப்பில் வெப்பம் ஆம்பியரின் இருமடிப்படி ஏறும் என்பதால், இரவைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். தண்ணீர் சீக்கிரம் சுடும் வேளையில்தான் பிளக்குக்கு ஆபத்து அதிகம்.

எங்கே கோளாறு என்று உறுதி செய்ய, ராடு ஓடும்போதே சுவர் போர்டில் பக்கத்து ஓட்டையிலும், பிறகு மீட்டர் போர்டிலும் வோல்ட்டை எலக்ட்ரீஷியனை விட்டு அளக்கச் சொல்லுங்கள். சுவரில் 195, பாக்ஸில் 190 என்றால் பிளக்கும் பாக்ஸும்தான் காரணம். எப்படியானாலும் 6 ஆம்பியர் பாக்ஸில் இந்த ராடை இனி மாட்டாதீர்கள். எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்றை 2.5 சதுர மி.மீ. ஒயரில் தனியாக இழுக்கச் சொல்லுங்கள். ஹவுஸ் ஓனரிடம் கேட்கத் தயங்க வேண்டாம், இது அவர் வீட்டின் பாதுகாப்பும்தான்.

நீங்களே அளக்க நினைத்தால் சில எச்சரிக்கைகள். டாங் டெஸ்டரை (ஒயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் காட்டும் கருவி) ஒற்றை ஒயரில் மாட்ட வேண்டும். இரண்டு ஒயரையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம் காட்டும். மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்துச் சாக்கெட்டில் செருகவே கூடாது, அது நேரடி ஷார்ட் சர்க்யூட். ஓம் அளப்பதானால் ராடைச் சாக்கெட்டிலிருந்து கழற்றிவிட்டு மட்டும். மீட்டரே வேண்டாம் என்றால் இ.பி. மீட்டரில் மின்னும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். ஒரு யூனிட்டுக்கு 3200 என்று அச்சிட்டிருந்தால், மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணி, 18.75-ஆல் பெருக்குங்கள். 55 முறை என்றால் 1031 வாட்.

ஃபேன், மிக்ஸி, ஃபிரிட்ஜ், ஏ.சி. ஆகியவற்றுக்கு இந்த நேர்க்கணக்கு பொருந்தாது. மோட்டார் உள்ளவற்றில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் உண்மையான வாட்டைவிடக் கூடுதலாக வரும். அவற்றுக்கும் மின்னும் விளக்குக் கணக்கு சரியாக வரும்.

மீட்டர் போர்டிலேயே ராடு போடாதபோதும் இரவில் 200-க்குக் கீழே இருந்தால், அது உங்கள் வீட்டுக் கோளாறு இல்லை. நாலைந்து நாள் தேதி, நேரம், வோல்ட் என்று குறித்து வைத்துக்கொண்டு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-இல் புகார் கொடுங்கள். கீழ்ப் போர்ஷன்காரர்களையும் சேர்த்துப் புகார் செய்யச் சொல்லுங்கள்.